டோனரா, டிரம்மா? முதலில் அடிஸ்கேலை எடுங்கள்

எங்கள் கடை திருத்துறைப்பூண்டியில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், பத்திரம் பிரிண்ட் எடுப்பது, இவ்வளவுதான் தொழில். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் கெட்டால் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கலாம். முத்திரைத்தாளில் அந்தப் பேச்சே கிடையாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு முகூர்த்த நாள். கிரயப் பத்திரம் ஒன்றை அடித்து முடித்து, பார்ட்டியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, நான் விக்கிறது 12 சென்ட். இதுல 1.2ன்னு இருக்கே" என்றார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக ஒரு கரும்புள்ளி. அதே நேர்கோட்டில் கீழே இன்னும் மூன்று புள்ளிகள். பத்திர எழுத்தர் அதை அடித்து, மேலே சரியாக எழுதி, பக்கத்தின் அடியில் 'அடித்தல் திருத்தல்' கணக்கில் சேர்த்துக் கையெழுத்து வாங்கி ஒப்பேற்றினார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

எங்களுடையது லேசர் பிரிண்டர். அதன் டோனர், அதாவது எழுத்தாகப் படியும் கறுப்புப் பவுடர், தீர்ந்துபோச்சு போல என்று நினைத்து ரீஃபில் பண்ணச் சொன்னேன். ரீஃபில் ஆனது, புள்ளி அப்படியே இருந்தது. பிறகு திருவாரூரிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் பிரிண்டரைத் தொடவே இல்லை. "அடிஸ்கேல் இருக்காக்கா?" என்று கேட்டார். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு அளந்தார். ஏழரை சென்டிமீட்டர். "டிரம்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். நான் ரீஃபிலுக்குக் கொடுத்த காசு வீண்.

அந்த அளவு எப்படி வருகிறது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிரம் என்பது கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது பவுடர் அடைத்த பெட்டிக்குள், இருக்கும் ஒரு குழாய். எழுத்து முதலில் பவுடராக அதில் ஒட்டி, பிறகு தாளுக்குப் போகும். அது ஒரு சுற்று சுற்றும்போது அதன் சுற்றளவுக்குத் தாள் நகர்கிறது. டிரம்மில் ஓரிடத்தில் வடு விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே வடு தாளில் விழும். எச்.பி. 12ஏ, 88ஏ, கேனான் 303 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். அதை 3.14 ஆல் பெருக்கினால் சுமார் 75. டிரம்மை ஒட்டியே ஓடும் மெல்லிய கறுப்பு ரப்பர் உருளைக்கு பி.சி.ஆர். என்று பெயர். டிரம்முக்கு மின்னேற்றம் கொடுப்பது அதுதான். அதன் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், அதனால் அதில் அழுக்கு ஒட்டியிருந்தால் புள்ளி சுமார் 38 மில்லிமீட்டருக்கு ஒரு முறை வரும். பி.சி.ஆர். என்றால் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டிரம் என்றால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு அளவும் இல்லையென்றால் டிரம்முக்குப் பவுடரைக் கொண்டுதரும் மேக்னெட்டிக் ரோலர், அல்லது பவுடரைச் சூட்டில் உருக்கித் தாளில் பிடிக்கவைக்கும் ஃபியூசர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

புள்ளி இல்லாமல் வேறு கோளாறு என்றால், முதலில் நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு கார்ட்ரிட்ஜை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் கார்ட்ரிட்ஜில் பிழை, போகாவிட்டால் பிரிண்டரில். இதற்காகவே ஒரு உபரி கார்ட்ரிட்ஜை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதைக் கறுப்பு உறையில் போட்டு வையுங்கள். டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் கிடந்தாலும் கெடும், வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

உபரி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பிரிண்ட் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்துவிடுங்கள். பிரிண்டர் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, கதவு போன்ற மூடியை நீக்கி டிரம்மைப் பாருங்கள். எழுத்து டிரம்மிலேயே மங்கலாகவோ கோட்டோடோ இருந்தால் அதுவரை உள்ள வேலையில் பிழை: பவுடர், பி.சி.ஆர்., மேக்னெட்டிக் ரோலர், லேசர். டிரம்மில் கறுகறுவென்று சுத்தமாக இருந்து தாளில் மட்டும் மங்கினால், டிரம்மிலிருந்து பவுடரைத் தாளுக்கு இழுக்கும் அடி உருளையைப் பாருங்கள், அல்லது தாளையே பாருங்கள். டிரம்மை விரலால் தொடாதீர்கள். உள்ளே ஃபியூசர் பக்கம் கையை விடாதீர்கள், அது 180, 200 டிகிரி வரை சூடாகிற இடம்.

இனி கோடுகள். மேலிருந்து கீழாக ஊசி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தால், டிரம்மில் வளையமாகக் கீறல் இருக்கும், அல்லது வைப்பர் பிளேடு ஓரிடத்தில் பல் போயிருக்கும். தாளுக்குப் போனது போக டிரம்மில் மிச்சம் ஒட்டியிருக்கும் பவுடரை வழித்தெடுப்பதுதான் வைப்பர் பிளேடின் வேலை. இந்த இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மை மட்டும் மாற்றினால் பல் போன பிளேடு பத்தே நாளில் புது டிரம்மிலும் கீறல் போட்டுவிடும். எங்கள் கடையில் டிரம் கீறியதற்கு முக்கால்வாசி காரணம் ஸ்டாப்ளர் பின். பின் பிடுங்கிய பழைய தாளின் மறுபக்கத்தில் டிராஃப்ட் எடுக்கும் பழக்கம் இருந்தது. அதை விட்டுவிட்டோம்.

வெள்ளைக் கோடு என்றால் பயப்பட வேண்டாம். கார்ட்ரிட்ஜைப் படுக்கைவாக்கில் பிடித்து, சல்லடையில் மாவு சலிப்பதுபோல இடவலமாக ஐந்தாறு தடவை ஆட்டிப் போடுங்கள். கோடு மறைந்தால் பவுடர் தீரப்போகிறது என்று அர்த்தம், அன்றைய வேலை ஓடிவிடும். மறையாவிட்டால் மேக்னெட்டிக் ரோலரில் பவுடரைச் சீராகப் பரப்பும் டாக்டர் பிளேடில் கட்டி சிக்கியிருக்கலாம். வேறு கார்ட்ரிட்ஜ் போட்டும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு வந்தால் லேசர் யூனிட்டின் கண்ணாடியில் தூசி. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் பி.சி.ஆருக்கு மின்தொடர்பு இல்லை. ஓரத்தில் இருக்கும் உலோகத் தகட்டைத் துடைத்தால் போதும். முழுக்க வெள்ளையாக வந்தால், புது கார்ட்ரிட்ஜ் என்றால் பவுடர் அறையை அடைத்திருக்கும் சீல் டேப்பை இழுத்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு தடவை இழுக்க மறந்திருக்கிறேன்.

அதிகம் தொல்லை கொடுப்பது சாம்பல் பூத்த தாள். எழுத்து நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளை இடமெல்லாம் புகை படிந்த மாதிரி இருக்கும். டிரம் தேய்ந்தாலும், பி.சி.ஆர். அழுக்கானாலும் இப்படி வரும். ஆனால் ரீஃபில் செய்த மறுநாளே வந்தால் பவுடரைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாக் கார்ட்ரிட்ஜுக்கும் ஒரே பவுடரை ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே பவுடர் இல்லை. அது மின்னேற்றம் பிடிக்கும் விதமும் உருகும் சூடும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தப்பான பவுடர் மேல் நல்ல பவுடரை ஊற்றி ஒன்றும் ஆகாது. முழுக்க வெளியேற்றி, மேக்னெட்டிக் ரோலரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அந்த மாடலுக்கு உரியதை நிரப்புங்கள்.

கழிவு அறையையும் ஒவ்வொரு ரீஃபிலுக்கும் காலி செய்யச் சொல்லுங்கள். வைப்பர் பிளேடு வழித்தது எல்லாம் அங்கேதான் சேரும். அது நிறைந்தால் தாளில் கொட்டும். என் வீட்டுக்காரர் எதையும் வீணாக்காத ரகம். ஒரு தடவை அந்தக் கழிவுப் பவுடரை எடுத்துப் பவுடர் அறையிலேயே திரும்ப ஊற்றிவிட்டார். அதில் தாள் தூசியும் கலந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டே நாளில் சாம்பல், கோடு, புள்ளி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

நீங்களே பிரித்து டிரம் மாற்றுவதாக இருந்தால், தரையில் செய்தித்தாள் விரித்து, மூக்கில் துணி கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். இரு பக்கமும் உள்ள பின்னை எடுத்தால் கார்ட்ரிட்ஜ் இரண்டாகப் பிரியும்: டிரம்மும் கழிவு அறையும் ஒரு பாதி, பவுடரும் மேக்னெட்டிக் ரோலரும் மறு பாதி. ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது டிரம்மை வெறுமனே பொருத்தாதீர்கள். உலர்ந்த டிரம்மில் ரப்பர் பிளேடு பிடித்து மடங்கிவிடும். டிரம் மேலேயும் பிளேடு விளிம்பிலும் கொஞ்சம் டோனர் பவுடரைத் தூவி, பல்சக்கரத்தைப் பிடித்து அது பிரிண்டரில் சுழலும் திசையிலேயே நாலைந்து சுற்று கையால் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினாலும் பிளேடு மடங்கும். டிரம்மை ஸ்பிரிட், தின்னர் எதாலும் துடைக்கக்கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

பவுடர் கையில் பட்டால் பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள். அது பிளாஸ்டிக் தூள், சூட்டில் இளகி ஒட்டும். துணியில் பட்டால் முதலில் உதறுங்கள், பிறகு பச்சைத்தண்ணீர். வீட்டு வாக்யூம் கிளீனரை எடுக்காதீர்கள். அதன் பையில் நிற்காத அளவுக்கு நுண்ணிய தூள், பின்பக்கமாக அறை முழுக்கப் பறக்கும்.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் டோனருக்கும் டிரம்முக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு கோளாறு வரும். எழுத்து திட்டுத்திட்டாக மங்கும், தாள் சுருண்டு வெளியே வரும். காரணம் ஈரம் ஏறிய தாள். புது கட்டைப் பிரித்து ஒரு தாள் போட்டுப் பாருங்கள், சரியாக வந்தால் கார்ட்ரிட்ஜில் கை வைக்காதீர்கள். மிச்சத் தாளை அதன் உறையிலேயே சுற்றி பீரோவில் வையுங்கள்.

இன்னொன்று, முத்திரைத்தாள் கனமானது. சாதாரணத் தாளுக்கான அமைப்பிலேயே அடித்தால் சில நேரம் எழுத்து விரலோடு வந்துவிடும். டோனர் மட்டம் என்று திட்டுவோம். பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகையைக் கனமான தாள் என்று மாற்றினால் பவுடர் நன்றாக உருகிப் பிடிக்கும். அப்படியும் அழிந்தால் ஃபியூசர் பழுது.

டிரம் தனியாக, டோனர் தனியாக உள்ள பிரதர் மாதிரி பிரிண்டர்களுக்குக் கணக்கு வேறு. எச்.எல். எல்2321டி மாடலுக்கு டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம் என்று கம்பெனிக் கணக்கு. டோனர் கணக்கு, தாளில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் மை படுவதாக வைத்துச் சொல்வது. நெருக்கி அடித்த பத்திரப் பக்கத்துக்கு டோனர் அவ்வளவு தாங்காது. இந்த டிரம்களில் பி.சி.ஆருக்குப் பதில் மெல்லிய கம்பி இருக்கும். நெடுக்காகக் கறுப்புக் கோடு வந்தால் டிரம் மேலே உள்ள பச்சைப் பிடியை இடவலமாகப் பலமுறை தள்ளுங்கள், கம்பி சுத்தமாகும். முடித்ததும் அம்புக்குறி போட்ட இடத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டில் அதுவே ஒரு கறுப்புப் பட்டை போடும். இதில் புள்ளி 94 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வந்தால் டிரம். புது டிரம் போட்டதும் எண்ணிக்கையை நாமே பூஜ்யமாக்க வேண்டும். அதைச் செய்யாமல், புது டிரம் போட்டும் 'டிரம் மாற்று' என்றே காட்டுகிறது என்று டிரம்மைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.