வீட்டுச் செடியின் இலைகளைத் துடைக்கும் முறை: மேற்புறம் மட்டும் போதாது

ரப்பர் செடியின் இலை மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல் போன தடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகவும், மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போலவும் தெரிந்தால் துடைக்கும் நாள் வந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்குள் இருக்கும் செடிமேல் மழை படுவதில்லை. படிந்த தூசி தானாகப் போகாது. ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது மறைக்கிறது. காய்ந்த, தூசி படிந்த இலையில் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான செஞ்சிலந்தியும் சீக்கிரம் பெருகும்.

எல்லா இலைக்கும் ஈரத்துணி ஒத்துவராது. முதலில் தொட்டுப் பார்த்து இலையின் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழவழப்பான அகன்ற இலைகள்

ரப்பர் செடி, மான்ஸ்டெரா, மணி பிளான்ட், பாம்புச் செடி எல்லாம் இந்த வகை. மெல்லிய பருத்தித் துணி இரண்டு, ஒரு கிண்ணம் நிறைய சாதாரண தண்ணீர் போதும். தூசி கனமாக இருந்தால் முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே ஈரத்துணியை வைத்தால் தூசி சேறாகக் குழைந்து நரம்போரம் ஒட்டிக்கொள்ளும்.

துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். ஒரு கையை விரித்து இலைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, மறு கையால் காம்பிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாகத் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசித் துகளே இலையைக் கீறிவிடும். தாங்கல் இல்லாமல் அழுத்தினால் நடு நரம்பு மடங்கி ஒடியும். நாலைந்து இலைக்கு ஒருமுறை துணியை அலசுங்கள்.

பிறகு இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் துடையுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பல செடிகளுக்கு இலைத்துளைகள் (காற்று போய்வரும் நுண்துளைகள்) அதிகம் இருப்பது அங்கேதான்; பூச்சி ஒளிவதும் அங்கேதான், நடு நரம்பை ஒட்டியும் காம்பின் இடுக்கிலும். அப்போதுதான் விரிந்த தளிரை மட்டும் தொடாதீர்கள். அதில் விழும் நகக்கீறல் இலை உதிரும்வரை வடுவாக நிற்கும்.

ரோமமும் மாவுப்பூச்சும்

ஆப்பிரிக்கன் வயலெட் போன்ற ரோம இலைகளைக் காய்ந்த, மென்மையான ஓவியத் தூரிகையால் காம்பிலிருந்து நுனி நோக்கித் தட்டிவிடுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய வளையங்கள் விழும், அவை மறையாது. எச்செவேரியா போன்ற சதைச் செடிகளில் வெள்ளையாகப் படர்ந்திருப்பது தூசியல்ல, செடியே சுரக்கும் மெழுகு. தேய்த்து எடுத்துவிட்டால் அந்த இலையில் பழையபடி வராது. ஊதிவிட்டாலே போதும்.

பெரணி மாதிரிச் சிற்றிலைச் செடிகளை ஷவருக்குக் கீழே வைத்துவிடலாம். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடித் தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மண் கரைந்து போகும். காலையில் செய்து நிழலில் உலர்த்துவது நல்லது. குருத்தில் இரவெல்லாம் நீர் தேங்கினால் அழுகும்.

துடைத்தும் போகாத வெள்ளைப் புள்ளி

உப்புநீர் காய்ந்த தடம் அது. 1 லிட்டர் தண்ணீரில் 15 மி.லி. வினிகர் கலந்து துடைத்து, உடனே வெறும் நீரால் மறுபடி துடையுங்கள். அடுத்த முறையிலிருந்து மழைநீரோ உப்பு நீக்கிய நீரோ பயன்படுத்துங்கள்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், பால், வாழைப்பழத் தோல் எதையும் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும், துளைகளும் அடைபடும். பாலும் பழமும் நாற்றமெடுத்து எறும்பை அழைக்கும். சுத்தமான இலைக்கு இருக்கும் பளபளப்பே அதன் இயல்பான அழகு.

கையில் பிசுபிசுப்பு ஒட்டினால்

சாறு உறிஞ்சும் பூச்சி வந்திருக்கலாம். தண்டோரம் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. நகத்தால் நெம்பினால் பெயரும் பழுப்பு மேடு செதில் பூச்சி. 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். செஞ்சிலந்தி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். 1 லிட்டர் நீரில் 5 மி.லி. மென்மையான திரவ சோப்பு கலந்து, ஒரு இலையில் மட்டும் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை கருகாவிட்டால் செடி முழுவதும் இருபுறமும் துடைத்து, சற்று நேரம் கழித்து வெறும் நீரால் கழுவுங்கள். முட்டைகள் தப்பிப் பிழைத்துப் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரமாவது செய்யுங்கள். அதுவரை செடி தனியாக இருக்கட்டும். அதற்குப் பயன்படுத்திய துணியால் வேறு செடியைத் துடைக்காதீர்கள், பூச்சியை நாமே கொண்டு சேர்த்தது போலாகும்.

நுனி கருகிய இலையை முழுதாக வெட்ட வேண்டியதில்லை. ஆல்கஹாலால் துடைத்த கத்தரியால் இலையின் வடிவத்தை ஒட்டி நறுக்கி, பழுப்பில் ஒரு மெல்லிய கீற்றை விட்டுவிடுங்கள். பச்சைப் பகுதியில் வெட்டு விழுந்தால் அந்த விளிம்பு மறுபடி காயும்.