முதல் பிசிபி: கரைசலுக்கு முன்னால் சோப்பு

பிசிபி என்பது மின்சுற்றின் இணைப்புகள் செம்புக் கோடுகளாகப் பதிந்த போர்டு. வீட்டில் செய்வதென்றால், கோடுகளின் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, செம்புப் போர்டின்மேல் இஸ்திரி போட்டு ஒட்டி, மிச்சச் செம்பைக் கரைசலில் கரைத்துவிடுவோம். நான் முதன்முதலாகச் செய்த பிசிபியில் 555 என்ற டைமர் ஐசியின் (சிப்பின்) எட்டுக் கால்களையும் மேல்நோக்கி வளைத்து, அதை மல்லாக்கப் போட்டுத்தான் சால்டர் செய்ய (ஈயம் உருக்கிப் பற்றவைக்க) முடிந்தது. படத்தை மிரர் செய்து, அதாவது இடம் வலம் திருப்பி, அச்சிட வேண்டும் என்று எங்கோ கேட்டதை நம்பியதன் பலன். போர்டை வரையும் மென்பொருள், செம்புக் கோடுகள் இருக்கும் கீழடுக்கை, போர்டின் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலக் காட்டுகிறது. அதை அப்படியே அச்சிட்டு இஸ்திரி போட்டால் தானாகவே திரும்பிச் சரியாகிவிடும். நானோ இன்னொரு முறை திருப்பிவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் செம்பு அடுக்கிலேயே என் பெயரின் இரண்டு எழுத்தைப் போட்டுவைக்கிறேன். காகிதத்தில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்தால், செம்பில் நேராக வரும். கணக்கு அவ்வளவுதான்.

முதல் போர்டுக்குக் கோடுகள் 1 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஐசி கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால், நடுவில் கோடு ஓட்டும் ஆசையை அடுத்த போர்டுக்குத் தள்ளிவையுங்கள். காலியிடத்தைக் கிரவுண்ட் (சுற்றின் பொது இணைப்பு) செம்பாகவே விட்டுவிட்டால் கரைய வேண்டிய செம்பு குறையும், கரைசலும் மிச்சம்.

அச்சிட லேசர் பிரிண்டர்தான் வேண்டும். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்வதுதான் இந்த முறையின் உயிர். இங்க்ஜெட் மைக்கு அந்தக் குணம் இல்லை. காகிதம் பளபளப்பான பத்திரிகைத் தாளாக இருந்தாலே போதும்.

இனி, பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். போர்டு பாழானால் கரைசலைத் திட்டுவோம். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி விரல் ரேகையின் எண்ணெய்தான். பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்பும் போட்டு, செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும்வரை தேயுங்கள். கழுவித் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். அப்புறம் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

இஸ்திரிப்பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, நீராவியை நிறுத்திவிட்டு, நான்கைந்து நிமிடம் அழுத்துங்கள். மூலைகளை விட்டுவிடாதீர்கள். ஆறியபின் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்துக் கட்டைவிரலால் காகிதத்தை உருட்டி எடுங்கள். பிய்த்து இழுத்தால் கோடும் கூடவே வந்துவிடும். சின்ன விடுபடல்களை பெர்மனென்ட் மார்க்கரால் தீட்டலாம். பாதிக் கோடு போயிருந்தால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை.

கரைசல் ஃபெரிக் குளோரைடு. தயார் கரைசலாக வாங்குவது நல்லது. தூள் என்றால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூளின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், நன்றாகவே சூடேறும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, திறந்த ஜன்னல் எல்லாம் கட்டாயம். உலோகப் பாத்திரம் கூடவே கூடாது. நல்ல சட்டையும் வேண்டாம், அந்தப் பழுப்புக் கறை போகாது. தட்டை வெந்நீர்த் தட்டுக்குள் வைத்து 40 டிகிரி அளவில் வைத்துக்கொண்டு, மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். வழக்கமான போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். புதுக் கரைசல் அதை 10 முதல் 20 நிமிடத்தில் தின்றுவிடும். அந்நேரம் டீ குடிக்கப் போகாதீர்கள். வேலை முடிந்தபின்னும் விட்டுவைத்தால் கரைசல் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்து கோடுகளை அரிக்கும்.

எடுத்துக் கழுவி, டோனரை அசிட்டோனால் துடையுங்கள். துளைக்கு 0.8 மில்லிமீட்டர் பிட், தடித்த கால்களுக்கு 1 மில்லிமீட்டர். பேடின் (கால் பற்றவைக்கப்படும் செம்புத் திட்டின்) நடுவே செம்பில்லாத குட்டிப் புள்ளி இருக்கும்படி வரைந்திருந்தால் பிட் வழுக்காமல் உட்காரும். கண்ணாடியிழைத் தூசி பறக்கும், முகக்கவசம் போடுங்கள். சால்டருக்கு முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து அடுத்தடுத்த கோடுகளைத் தொட்டுப் பாருங்கள்; தனித்தனிக் கோடுகளுக்கிடையே பீப் அடித்தால் எங்கோ ஒட்டியிருக்கின்றன.

கரைசலைக் கொட்டிவிடாதீர்கள், இன்னும் பல போர்டுகளுக்கு வரும். பெயர் எழுதிய பிளாஸ்டிக் பாட்டிலில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கரைசல் வீரியம் போய்ச் செத்துப்போனாலும் அதைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள செம்பு மீன்களுக்கு விஷம், அமிலம் உலோகக் குழாய்க்கு எமன். அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.