மைட்டோகாண்ட்ரியா ஓடுவதை நேரில் பார்ப்பது எப்படி?

பாடப்புத்தகப் படத்தில் மைட்டோகாண்ட்ரியா அவரை விதை மாதிரி ஓரிடத்தில் கிடக்கும். உயிருள்ள செல்லில் அது நீண்ட இழையாக ஓடும், ஒட்டும், அறுந்து பிரியும். இதில் பெரும்பங்கு செல்லின் சட்டகப் புரதங்களுக்கு. ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் கிடைத்தால் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம்.

1. முந்தின நாளே காஸ்-7 செல்களை (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல் வகை) கண்ணாடி அடி கொண்ட டிஷ்களில் நெருக்கமில்லாமல் விதையுங்கள். தட்டையாகப் படரும் செல், அதனால் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரியும்.

2. மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்து சிவப்பாக ஒளிரும் மைட்டோடிராக்கர் ரெட் சாயம், 100 நானோமோலார், 37 டிகிரியில் 20 நிமிடம். அப்புறம் வெதுவெதுப்பான செல் வளர்ப்பு மீடியத்தால் இரண்டு முறை கழுவுங்கள். சாயம் உள்ளே போவதே உள்சவ்வின் மின்னழுத்தத்தால்தான், ஆகவே மங்கலாகத் தெரிந்தால் அந்த அழுத்தம் குறைந்திருக்கலாம்.

3. சில விநாடிக்கு ஒரு படமாக இரண்டு நிமிடம் எடுங்கள். வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அதிக ஒளி மட்டுமே இழைகளைத் துண்டாக்கிவிடும், பழியோ அடுத்து விடப்போகும் மருந்தின் மேல் விழும். ஒப்பிட, மருந்தில்லாமல் அதைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட டிஷ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

4. சரி, இப்போது கையுறை போட்டுக்கொண்டு நோகோடசோல் மருந்து, 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். இது கலைப்பது மைக்ரோடியூபியூல்களை, அதாவது சட்டகத்தின் நுண்குழாய்களை. அவை கரைந்ததும் நீண்ட ஓட்டம் நின்றுவிடும், இழைகள் உட்கருவைச் சுற்றிக் குவியத் தொடங்கும். மோட்டார் புரதங்களில் கைனசின் செல்லின் விளிம்புக்கும் டைனீன் உட்கருப் பக்கமும் இழுப்பது இந்தக் குழாய்களின் மேல்தான். மைட்டோகாண்ட்ரியாவை அவற்றோடு பிணைக்கும் மிரோ என்ற புரதம் கால்சியம் ஏறினால் ஓட்டத்தை நிறுத்தும். நரம்பணுவில் சமிக்ஞை மும்முரமாக நடக்கும் இடத்திலேயே, ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தேவைப்படும் இடத்திலேயே, மைட்டோகாண்ட்ரியா நின்றுகொள்வது இப்படித்தான். மருந்தைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்: குழாய்கள் சில நிமிடங்களிலேயே வளர ஆரம்பிக்கும். ஓட்டமும் திரும்பினால்தான் உங்கள் முடிவை நம்பலாம்.

5. சட்டகத்தின் இன்னொரு புரதமான ஆக்டினுக்கு, அதன் இழைகளைக் கலைக்கும் லாட்ரன்குலின், குறைந்த அளவில், குறைந்த நேரம். மிஞ்சினால் செல்லே சுருண்டுவிடும். செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி இறுக்கும் இடத்தில் ஆக்டின் கூடி, டிஆர்பி1 என்ற புரதம் இழையை வெட்ட உதவுகிறது. ஆக்டின் போனால் வெட்டு குறையும். மொட்டுவிடும் ஈஸ்ட்டில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே மைட்டோகாண்ட்ரியா போவதே ஆக்டின் பாதையில்தான்.

செல்களை ஃபிக்ஸ் செய்வதாக (இருந்த நிலையிலேயே உறையவைத்துப் பாதுகாப்பதாக) இருந்தால் பாராஃபார்மால்டிஹைடை 37 டிகிரிக்குச் சூடாக்கியே ஊற்றுங்கள், குளிர் பட்டாலே மைக்ரோடியூபியூல் உதிரும். ஓட்டத்தை அளக்க, ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் நேரம் கீழ்நோக்கி இறங்குமாறு கைமோகிராஃப் (இடம், நேரம் இரண்டையும் காட்டும் படம்) போடுங்கள்: செங்குத்துக் கோடு நிற்பது, சாய்கோடு ஓடுவது, கோடு படுக்கப் படுக்க வேகம் அதிகம்.