வீட்டின் கரியமில வாயுக் கணக்கு: கரண்ட் பில்லிலிருந்து கிலோவுக்கு

ஒரு வருடத்தில் உங்கள் வீடு எத்தனை கிலோ கரியமில வாயுவைக் காற்றில் சேர்க்கிறது என்று கண்டுபிடிக்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். கடந்த ஆறு கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் வாங்கிய தேதிகள், வண்டி ஓடிய கிலோமீட்டர், ஒரு நோட்டு இருந்தால் ஒரு மணி நேர வேலைதான். ரூபாயைக் கணக்கில் கொண்டுவராதீர்கள். விலையும் மானியமும் மாறிக்கொண்டே இருக்கும். யூனிட், கிலோ, லிட்டர் ஆகியவைதான் உண்மையைச் சொல்லும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதலில் தெளிவாக வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த கார்பனை நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் எடுத்து எரித்ததும், காடுகளை அழித்ததும் இதற்குக் காரணம். நாம் விடும் மூச்சு இந்தக் கணக்கில் வராது. சாப்பிட்ட சோற்றில் உள்ள கார்பனைப் பயிர் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்துதான் எடுத்தது. அது திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். விறகும் அப்படியே, ஆனால் வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் மட்டும்.

கரண்டிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஆறு பில்லிலும் உள்ள பயன்பாட்டு யூனிட்டைக் கூட்டுங்கள். இலவச யூனிட்டைக் கழித்துவிடாதீர்கள். இலவசமாக வந்தாலும் அதற்கும் எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது. கோடைக்கால பில் ஒன்றை எடுத்து ஆறால் பெருக்குவதும் தவறு, ஏசி ஓடிய மாதம் முழு வருடத்தையும் ஊதிக் காட்டிவிடும். அடுக்குமாடியில் இருந்தால் லிப்ட், மோட்டார் ஓடும் பொது மீட்டரில் உங்கள் பங்கையும் சேருங்கள்.

இந்திய மின்தொகுப்பில், அதாவது மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையில், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஆனால் அது மின்நிலைய வாசலில் உள்ள அளவு. வழியில் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் கொஞ்சம் வீணாகிறது. அந்த இழப்பு 10 சதவீதம் என்று வைத்தால் 0.72 ÷ 0.9, அதாவது உங்கள் மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 0.80 கிலோ.

மாடியில் சோலார் போட்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாங்கியதில் கொடுத்ததைக் கழித்த நிகர யூனிட் பூஜ்யம் என்றதும் தங்கள் கணக்கும் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். ராத்திரி ஓடிய ஏசிக்கு வந்தது தொகுப்பு மின்சாரம்தான். மீட்டரில் உள்ள இறக்குமதி ரீடிங்கை, அதாவது தொகுப்பிலிருந்து வாங்கிய யூனிட்டை, எடுத்து 0.80ஆல் பெருக்குங்கள். வெளியே கொடுத்ததைத் தனி வரியில் எழுதுங்கள்.

கேஸ் சுலபம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு, ஆக ஒரு சிலிண்டருக்கு 42.6 கிலோ. புக் செய்ததை எண்ணாமல், தீர்ந்து மாற்றியதை எண்ணுங்கள்.

பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.3 கிலோ. இதில்தான் பலருக்கும் சந்தேகம் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது, அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும்? அந்த லிட்டரில் கார்பன் மட்டும் சுமார் 630 கிராம். எரியும்போது 12 பங்கு கார்பன் காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 பங்காகிறது. 630ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,310 கிராம். கூடுதல் எடை முழுவதும் ஆக்சிஜனுடையது. இதே காரணத்தால், எங்காவது ‘இத்தனை டன் கார்பன்’ என்று படித்தால் அதை 3.67ஆல் பெருக்கிய பிறகே உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பயிரிலிருந்து வந்ததுதான். ஆனாலும் உரத்துக்கும் ஆலைக்கும் எரிபொருள் செலவாவதால் 2.3 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

லிட்டர் தெரியாவிட்டால் கம்பெனி சொன்ன மைலேஜை நம்பாதீர்கள். டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறியுங்கள். 200, 300 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதே உங்கள் மைலேஜ்.

நாலு பேர் உள்ள வீடு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். வருடம் 1,920 யூனிட், 9 சிலிண்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் 9,000 கிலோமீட்டர். கரண்ட் 1,536 கிலோ, கேஸ் 383, பெட்ரோல் 200 லிட்டருக்கு 460. மொத்தம் 2,379 கிலோ, தலைக்கு 595. விமானத்துக்குப் பயணி ஒருவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 100 கிராம். சென்னையிலிருந்து டெல்லி போய்வர ஒருவருக்கு ஏறக்குறைய 350 கிலோ, அந்த வீட்டின் ஒரு வருடச் சமையலுக்கு அருகில் வந்துவிடுகிறது.

கணக்குப் போட்டதும் பலர் கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாற நினைப்பார்கள். அவசரம் வேண்டாம். பாத்திரத்தில் ஒரு யூனிட் அளவு சூடு இறங்க, கேஸில் 0.4 கிலோ வெளியாகிறது. தொகுப்பு மின்சாரத்தில் இண்டக்‌ஷன் ஓடினால் 0.9 கிலோவைத் தாண்டும். நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, மின்சாரமாக்கி மறுபடி சூடாக்குவதில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடுகிறது. மாடி சோலார் மின்சாரத்தில் பகலில் சமைத்தால் நிலைமை தலைகீழ்.

நோட்டில் கிலோவை மட்டும் எழுதாமல் யூனிட், சிலிண்டர், லிட்டரையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். காற்றாலையும் சோலாரும் கூடக்கூட அந்த 0.72 குறையும். அடுத்த வருடம் உங்கள் கிலோ குறைந்தால், நீங்கள் குறைத்தீர்களா, மின்தொகுப்பு மாறியதா என்று யூனிட்டைப் பார்த்தால்தான் தெரியும்.