மஞ்சள் மரபுத் தக்காளி: விதையிலிருந்து மீண்டும் விதை வரை

வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் தக்காளி வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ரகம் என்பதைத்தான். மஞ்சள் நிறத்தில் வீரிய ஒட்டு ரகங்களும் விற்பனைக்கு உண்டு. அவற்றின் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வளரும் என்று எதிர்பார்க்க முடியாது. பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த மரபு ரகமோ, தன் இயல்பு மாறாத விதையை ஆண்டுதோறும் தரும். ஆகவே வாங்கும்போது மரபு ரகம்தானா என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'யெல்லோ பேர்' எனப்படும் சிறிய பேரிக்காய் வடிவ ரகத்தை. கட்டைவிரல் பருமனில், கழுத்துச் சிறுத்த பழங்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். 'யெல்லோ பிராண்டிவைன்' போன்ற பெரிய பழ ரகங்கள் சுவையில் சிறந்தவை என்றாலும், காய் முற்ற நெடுநாள் எடுத்துக்கொள்வதாலும் வெப்பத்தில் பூவை உதிர்த்துவிடுவதாலும் நம் சமவெளிக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

அடுத்தது பருவம், பலர் தடுமாறுவது இங்கேதான். பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கி, இரவிலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் செயலிழந்து, பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. எனவே பூக்கும் காலம் மார்கழியிலும் தையிலும் அமையுமாறு பின்னோக்கிக் கணக்கிட்டு விதைக்க வேண்டும். சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான கடலோரத்தில், ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்றுவிட்டு, கனமழை ஓய்ந்த பின் கார்த்திகையில் நடுவது நல்லது. கோவை, ஈரோடு பக்கங்களில் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கலாம். நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் பழம் கிடைக்கும்.

விதையைச் சிறிது சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை தரும் பாக்டீரியா) பொடி கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் காத்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். முளைத்த அன்றிலிருந்தே நாற்றின் மேல் நெருக்கமான கண்ணுள்ள பூச்சிவலை இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'அர்கா ரக்ஷக்' போன்ற ஒட்டு ரகங்களுக்கு இலைச்சுருட்டு நச்சுயிரியைத் தாங்கும் திறன் உண்டு. மஞ்சள் மரபுத் தக்காளிக்கு அந்தத் திறன் இல்லை. நாற்றுப் பருவத்தில் வெள்ளை ஈ வழியாக அந்த நோய் தொற்றிவிட்டால் செடி குட்டையாகி, இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, காய்ப்பே இல்லாமல் போகும்.

நாற்று நான்கைந்து இலை விட்டதும், அதாவது 25 முதல் 30 நாட்களில், இடம் மாற்றலாம். மாடித் தோட்டமாயின் ஒரு செடிக்கு 20 லிட்டர் கொள்ளளவுள்ள பை ஒன்று வேண்டும். அதற்குக் குறைந்தால் பங்குனி வெயிலில் வேர் வெந்துபோகும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குச் சேர்த்தால் போதும். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதிவரை மண்ணில் புதைக்க வேண்டும். புதைந்த தண்டிலிருந்தும் வேர் இறங்கி, செடி உறுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆறடி ஊன்றுகோலையும் அன்றே நட்டுவிடுவது நல்லது, ஏனெனில் பின்னாளில் நட்டால் வேர் அறுபடும். 'யெல்லோ பேர்' ஓரளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளாமல் கொடிபோல் நீண்டுகொண்டே போகும் இயல்புடையது.

இலைக்கணுவில் முளைக்கும் பக்கக் கிளைகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும் என்று குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதை அப்படியே இங்கே பின்பற்றத் தேவையில்லை. முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளவற்றை நீக்கிவிட்டு, மேலே இரண்டு மூன்று கிளைகளை விட்டுவைத்தால், அவற்றின் இலை நிழல் காய்களை வெயிலிலிருந்து காக்கும். நிழலில்லாத காய்களின் தோல் வெளிறிக் காகிதம்போல் ஆகிவிடுவதைப் பார்க்கலாம். மாசிக்குப் பிறகு 35 சதவீத நிழல்வலை உதவும்.

தண்ணீரைக் காலையில், இலை நனையாமல், வேருக்கு மட்டும் ஊற்ற வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றினால் இரண்டு கேடுகள் வரும்: சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகப் போய்ச் சேராமல் அடிப்பகுதி கறுத்து அழுகும், பழுக்கும் தறுவாயில் உள்ளவை தோல் வெடிக்கும். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் ஒரே சீராக நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யம் தெளிக்கலாம். பூத்த பிறகு மீனையும் வெல்லத்தையும் நொதிக்கவைத்துச் செய்யும், தழைச்சத்து மிகுந்த மீன் அமிலத்தைக் குறைத்துக்கொள்ளவும். இல்லையேல் இலை மட்டுமே செழிக்கும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தை ஒரு குழலுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அது உதிர அதிர்வு வேண்டும். உடலில் நீலப் பட்டைகள் கொண்ட ஒருவகைத் தேனீ பூவைக் கவ்வித் தொங்கி, 'ஙொய்' என்று இரைந்து உடலை அதிரவைக்கும்போது மகரந்தம் பொடியாய்க் கொட்டுவதை அருகில் நின்றால் காணலாம். தேன்கூட்டுத் தேனீக்களால் இவ்வாறு அதிரச் செய்ய முடியாது. உயரமான மாடியில் அந்தத் தேனீ வராவிட்டால், காலை ஒன்பது பத்து மணியளவில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவதே போதுமானது.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறியும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் மாலையில் தெளிப்பதும் கைகொடுக்கும். செடி பச்சையாகவே திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, அந்த மண்ணில் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கவும் கூடாது.

பச்சை கலந்த வெளிர்மஞ்சள், பொன்மஞ்சளாக மாறி, அழுத்தினால் சற்றே நெகிழும் நிலையில் பறிக்க வேண்டும். அணில், கிளித் தொல்லை உள்ள இடங்களில் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் குன்றிவிடும். மஞ்சள் தக்காளியில் புளிப்பே இல்லை என்ற நம்பிக்கை முழுதும் சரியல்ல. ரகத்தைப் பொறுத்தே புளிப்பு கூடும், குறையும். 'யெல்லோ பேர்' சற்று மென்சுவையுடையது என்பதால் ரசத்துக்குப் புளியைக் குறைக்காமலே பயன்படுத்த வேண்டும். பச்சையாகவும் தொக்காகவும் உண்ண மிக நன்று.

விதைக்கென்று நோயற்ற, நன்கு காய்த்த ஒரு செடியை முன்பே அடையாளமிட்டு, அதன் நடுக்கொத்துப் பழங்களைச் செடியிலேயே நன்றாகக் கனியவிடுங்கள். விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் பிழிந்து ஒன்றிரண்டு நாள் நொதிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்துவிடும். பலமுறை கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது, ஆயினும் தேனீ வரும் தோட்டத்தில் அருகிலுள்ள சிவப்புத் தக்காளியோடு சில பூக்கள் கலந்துவிடும். அந்தக் கலப்பு அந்த ஆண்டுப் பழத்தில் தெரியாது, விதையைப் பார்த்தும் தெரியாது. ஆனால் சிவப்பு நிறமியை உருவாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதால்தான் இந்தப் பழம் மஞ்சளாகிறது. அந்தப் பண்பு சிவப்பின் முன் ஒடுங்கிப் போவது. ஆகவே அடுத்த ஆண்டு ஒரு செடியில் சிவப்புப் பழம் கண்டால் அது கலப்பு என்று உடனே அறிந்து, அதன் விதையை ஒதுக்கிவிடலாம். சிவப்பு ரகங்களை வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. இன்னொரு மஞ்சள் ரகத்தோடு கலந்தால் மட்டும் நிறம் காட்டிக்கொடுக்காது என்பதால், வீட்டில் ஒரே ஒரு மஞ்சள் ரகத்தை வைத்துக்கொள்வது விதைக்குப் பாதுகாப்பு. ரகப் பெயரும் ஆண்டும் எழுதிய காகித உறையிலிட்டு, காற்றுப்புகாத சீசாவில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் முளைப்புத் திறன் இருக்கும்.