கணைய அழற்சி உள்ளவர் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் நாள்பட்ட கணைய அழற்சி பலருக்கும் தெரிந்த நோய்தான். மதுவைத் தொடாதவர்களுக்கும் இளவயதிலேயே கணையத்தில் கல் சேரும் வகை கேரளத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது. உங்களுடையது அந்த வகையென்றால், ‘மதுவால் வந்ததல்ல’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் எழுதியிருக்கிறாரா என முதலில் பாருங்கள். மதுப்பழக்கத்தின் விளைவுகளுக்கான சிகிச்சையைப் பாலிசிகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. என் தம்பியின் தாளில் காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு வரிக்காக இரண்டு முறை கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினோம்.

விண்ணப்பத்தில் நோயை மறைக்கவே மறைக்காதீர்கள், ஏஜெண்ட் என்ன சொன்னாலும் சரி. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோயின் செலவைக் காப்பீடு ஏற்காத தொடக்கக் காலம், 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள்தான், முன்பு 48.

கணைய நோயை நிரந்தரமாக விலக்கிப் பாலிசி தருவதாக நிறுவனம் சொன்னால், அந்த நோயால் பின்னாளில் வரும் சர்க்கரை நோய்க்கும் அந்த விலக்கு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. பாலிசி கைக்கு வந்ததும் விலக்குப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒத்துவராவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.