பயன்படுத்திய மடிக்கணினியைப் பரிசோதித்து வாங்குவது எப்படி?

குறைந்த பணத்தில் மடிக்கணினி வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர், அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற புதியதையே வாங்கிவிடுகிறார்கள். மங்கலான திரையும் நெகிழ்கிற பிளாஸ்டிக் உடலும் கொண்ட அத்தகைய புதிய கணினியைவிட, ஓர் அலுவலகத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டு விற்பனைக்கு வந்திருக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் போன்ற நிறுவனப் பயன்பாட்டு வரிசைக் கணினிகள் பல வகைகளில் மேலானவை என்பது என் உறுதியான கருத்து. அவை பழுதுபார்க்க எளிதாக வடிவமைக்கப்பட்டவை. உதிரிபாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளுக்கு வருபவற்றில் பெரும்பகுதி, நிறுவனங்கள் குத்தகை முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிட்டவைதான். ஆனால் ஒரே மாதிரித் தோன்றும் பத்துக் கணினிகளில் எது நல்லது என்பதைப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

பரிசோதனைக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மடிக்கணினியில் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவையும் உண்டு, மாற்றவே முடியாதவையும் உண்டு. பேட்டரி, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமித்து வைக்கும் உறுப்பு), விசைப்பலகை ஆகியவற்றை ஓரளவு செலவில் மாற்றிவிடலாம். செயலி (பிராசசர்), மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்ட ராம் (தற்காலிக நினைவகம்), பழைய நிறுவனம் போட்டுவைத்த பூட்டு ஆகியவற்றை மாற்ற வழியில்லை. திரையை மாற்றலாம் என்றாலும் செலவு பெரிது. வாங்குபவர்கள் பொதுவாக மேல்மூடியின் கீறலையும் பேட்டரியையும் பற்றியே பேரம் பேசுகிறார்கள். மாற்ற முடியாதவற்றை முதலில் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு விலையைக் குறைக்கக் கேட்பதே சரியான வரிசை.

முதலாவது செயலி. கடைக்காரர் "ஐ5" என்று இன்டெல் செயலியின் வரிசைப் பெயரை மட்டும் சொன்னால் அது போதாது. எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்தால் செயலியின் முழுப் பெயரும் தெரியும். ஐ5-7200யு என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. பெயரில் சிறிய வேறுபாடுதான் என்றாலும், முன்னதில் இரண்டு கோர்கள் (செயலிக்குள் வேலையைச் செய்யும் பகுதிகள்) மட்டுமே உள்ளன, பின்னதில் நான்கு உள்ளன. அதைவிட முக்கியமான காரணம், விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டதும், விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவைப்படுவதும்தான். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளிலும் அந்தத் தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவித் தருகிற கடைகள் இருக்கின்றன. பார்க்க நன்றாகவே ஓடும், ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளும் எண்ணம் இல்லாதவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். 2018-இல் வந்த திங்க்பேட் டி480, லாட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோடு வந்தவை, என்றாலும் செயலியின் பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்; அவற்றுக்குப் பின் வந்தவை கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பூட்டு. பயன்படுத்திய கணினியில் மிகப் பெரிய நஷ்டம் இங்கேதான் ஏற்படுகிறது. கடையில் நிற்கும்போது இது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களின் கணினிகளை ஆட்டோபைலட் என்ற மைக்ரோசாஃப்ட் சேவையில் பதிவுசெய்து வைப்பது வழக்கம். அந்தப் பதிவு கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு இணைந்தது. எஸ்எஸ்டியை அழித்தாலும் சரி, புதிதாக மாற்றினாலும் சரி, அது போவதில்லை. விற்பதற்கு முன் நிறுவனம் பதிவை நீக்காமல் விட்டுவிட்டால், விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைக்கும் தருணத்தில், "எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம், உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தருக" என்ற பொருளில் ஒரு திரை வந்து நிற்கும். கடையில் இணையத்தோடு இணைக்காமலேயே விண்டோஸை நிறுவி, உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தால் இந்தத் திரை அப்போது வராது. பல மாதங்கள் கழித்து நீங்கள் விண்டோஸை மீண்டும் நிறுவும்போதுதான் வரும். எனவே, ரீசெட் திஸ் பிசி என்ற வசதியின் மூலம் எல்லாவற்றையும் அழித்து, உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தொடக்க அமைப்பைச் செய்து காட்டும்படி கேளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரம் தர மறுக்கிற கடையில், பூட்டு இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் போட்ட கடவுச்சொல்லும் இதே வகைதான். கணினியை இயக்கியவுடன் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 விசையை அழுத்தினால் பயாஸ் திறக்கும். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் கடவுச்சொல் தனிச் சில்லில் பதிந்திருப்பதால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது அழியாது. பயாஸுக்குள் நுழைய முடிந்தால், பாதுகாப்புப் பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்ற பெயருள்ள கண்காணிப்பு வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய ஆப்பிள் மேக்புக் வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டு, அந்தக் கணக்கோடு கணினியைப் பிணைக்கும் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு விடுபட்டிருப்பதை இதே கண்டிப்போடு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ராம் எவ்வளவு என்பதோடு அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று சென்றால் எத்தனை இடங்கள் நிரம்பியுள்ளன என்பதைக் காட்டும். வடிவம் (ஃபார்ம் ஃபேக்டர்) என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் பற்றவைக்கப்பட்டது என்று பொருள். டி480-இல் இரண்டு இடங்களும் மாற்றக்கூடியவை. அதே ஆண்டில் வந்த டி480எஸ்-இல் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு ஓர் இடம் மட்டுமே மிச்சம். திங்க்பேட் எக்ஸ்280-இல் முழுவதும் பற்றவைக்கப்பட்டது. பற்றவைக்கப்பட்ட கணினியில் 8 ஜிபி மட்டும் இருந்தால், பத்துப் பதினைந்து பிரௌசர் தாவல்களோடு வேலை செய்கிறவருக்கு அது சீக்கிரமே நெருக்கடியாகிவிடும்.

திரையைக் கடையின் ஒளியில் நேராகப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. ஒரே பெயருள்ள கணினியே வெவ்வேறு திரைகளோடு விற்கப்பட்டிருக்கிறது. டி480 கூட, 1366×768 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையோடும் 1920×1080 கொண்ட, பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகத் தெரிகிற ஐபிஎஸ் வகைத் திரையோடும் வந்தது. மூடியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிறங்கள் வெளிறியோ தலைகீழாகியோ தெரிந்தால் அது டிஎன் என்ற மலிவான திரை வகை. நாள் முழுவதும் எழுத்தைப் பார்க்க வேண்டியவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு முழுத் திரைக்கும் வெள்ளைப் படம் ஒன்றையும் கறுப்புப் படம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அலுவலகப் பைகளில் அழுந்திக் கிடந்த கணினிகளில் வெள்ளைத் திட்டுகள் தென்படும், அவை சரியாகாதவை.

கீல்களையும் விசைகளையும் சோதிக்க அதிக நேரம் ஆகாது. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்தால் கிறீச்சிடும் ஓசை வரக் கூடாது. எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்தி, ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் ஒரு பென்டிரைவைச் செருகி, கேமரா, ஒலிபெருக்கி, வைஃபை ஆகியவற்றையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அது தீப்பிடிக்கும் அபாயம் உள்ள நிலை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இனி, மாற்றக்கூடியவை. பேட்டரி "நாலு மணி நேரம் வரும்" என்ற வாய்மொழியை நம்ப வேண்டிய தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட் வழியாக பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் தனித்தனியாக இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் மிஞ்சியிருப்பது 60 விழுக்காடு. அதற்கும் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். டெல் கணினிகளில் பயாஸிலேயே பேட்டரியின் நலம் குறிப்பிடப்பட்டிருக்கும். எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் எடுத்துச் சென்றால், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது அங்கேயே காட்டிவிடும்.

சார்ஜரையும் பாருங்கள். டெல் கணினிகள் தம் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் எச்சரிக்கை காட்டி, பேட்டரியை ஏற்ற மறுத்துச் செயலியின் வேகத்தையும் குறைத்துவிடும். மலிவான போலி சார்ஜரால் மெதுவாகிப்போன கணினியைப் பழுது என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் உண்டு. பில்லில் கணினியின் வரிசை எண் இருக்க வேண்டும். அதே எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டால் உத்தரவாதம் எப்போது முடிந்தது என்பது தெரியும். டெல்லில் அது எந்த உறுப்புகளோடு தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள்ளார்ந்த மென்பொருள்) புதுப்பிப்புகளை நிறுவுங்கள். 2017 முதல் 2019 வரையிலான சில திங்க்பேட்களில், யுஎஸ்பி-சி துளை வழியே வேகமாகத் தரவு அனுப்பும் தண்டர்போல்ட் வசதியின் ஃபர்ம்வேர் குறையால் யுஎஸ்பி-சி துளை செயலிழக்கும் சிக்கல் இருந்தது. லெனோவோ அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருக்கிறது, பழைய உரிமையாளர் அதை நிறுவியிருப்பார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கணினி பெரும்பாலும் மேசையில் மின்இணைப்போடுதான் இருக்கும் என்றால், லெனோவோ வான்டேஜ் என்ற மென்பொருளிலோ டெல்லின் பயாஸிலோ சார்ஜ் 80 விழுக்காட்டோடு நின்றுவிடும்படி அமைத்துவிடுங்கள். எப்போதும் முழுதாக ஏறி நிற்கும் லித்தியம் பேட்டரி விரைவில் தேய்கிறது. பத்து நிமிடம் காணொளி ஓடியதுமே விசிறி பெருஞ்சத்தம் போட்டால், அடிமூடியைத் திறந்து தூசியை நீக்கி, செயலியின் மேல் காய்ந்துபோயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை (வெப்பத்தைக் கடத்தும் பசை)ப் புதிதாகத் தடவித் தரும்படி பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள்.